இரத்தம் கொடுக்கும் முன் ஒரு கேள்வித்தாள்: தோட்ட மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

நெகிரி செம்பிலானில் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ இரத்த தான முகாம் நடந்தால், கொடுக்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. இளைஞர்கள் நண்பர்களோடு வருகிறார்கள். பால்வெட்டை முடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருபவர்களும் உண்டு. ஆனால் ஊசி குத்துவதற்கு முன் நிரப்ப வேண்டிய பாரத்தை நிதானமாகப் படிப்பவர்கள் குறைவு. மலாய்மொழி சரளமாக வராத மூத்தவர்களுக்கு, ஏற்பாட்டாளர் ஒருவரே எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று கோடு போட்டுக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. நல்ல மனத்தோடு செய்யும் உதவிதான். ஆனால் அந்த இடத்தில்தான் ஆபத்து நுழைகிறது.

கொடுக்கப்படும் ஒவ்வொரு பை இரத்தமும் எச்.ஐ.வி., ஹெப்பாடைட்டிஸ் பி, ஹெப்பாடைட்டிஸ் சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்காகப் பரிசோதிக்கப்படுகிறது. அப்படியிருக்க, கேள்வி எதற்கு? ஒருவர் உடலில் கிருமி நுழைந்த நாளிலிருந்து அது பரிசோதனையில் தெரியும் நாள்வரை ஓர் இடைவெளி இருக்கிறது. எந்தக் கிருமி, எந்த வகைப் பரிசோதனை என்பதைப் பொறுத்து அது சில நாளாகவோ சில வாரங்களாகவோ இருக்கலாம். புதிய தொழில்நுட்பம் அந்த இடைவெளியைக் குறுக்கியிருக்கிறது, முழுவதும் அடைத்துவிடவில்லை. அந்த நாள்களில் எடுத்த இரத்தம் இயந்திரத்தின் கண்ணுக்குச் சுத்தமாகவே தெரியும். அதைத் தடுக்கக்கூடியது கொடுப்பவரின் வாயிலிருந்து வரும் பதில் மட்டுமே.

சாத்தூரில் நடந்தது

தமிழ்நாட்டில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் 2018 டிசம்பரில் நடந்த சம்பவம் பலருக்கு நினைவிருக்கும். இரத்தச் சோகையோடு அரசு மருத்துவமனைக்கு வந்த ஒரு கர்ப்பிணிக்கு டிசம்பர் 3ஆம் தேதி இரத்தம் ஏற்றினார்கள். அது சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து வந்தது. அதில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது.

அந்த இரத்தத்தைக் கொடுத்தவர் பத்தொன்பது வயது இளைஞர். உறவினர் ஒருவருக்காகக் கொடுக்க வந்தவர். பிறகு வெளிநாட்டு வேலைக்குப் போவதற்காகச் செய்துகொண்ட மருத்துவப் பரிசோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்தார். அறிந்ததும் இரத்த வங்கிக்குத் தாமே தகவல் சொன்னார். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. இந்த இளைஞர் 2016இலும் ஒரு முகாமில் இரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே தொற்று தெரியவந்திருந்தும் தகவல் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. இரத்த வங்கி ஊழியர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அந்த இளைஞர் மாத இறுதியில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவருக்குத் தெரிந்த மறுகணமே சொல்லவேண்டிய இடத்தில் போய்ச் சொன்னார். இந்த விவகாரத்தில் தம் கடமையைச் சரியாகச் செய்தவர் என்று யாரையாவது சுட்டவேண்டுமானால் அவரைத்தான் சுட்ட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு 2019 ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்குத் தகுந்த மருந்து கொடுக்கப்பட்டிருந்ததால் குழந்தைக்குத் தொற்று ஏற்படவில்லை. அந்த ஆண்டே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

இங்குள்ள ஏற்பாடுகள் வேறு, பரிசோதனை முறைகள் வேறு. ஆனாலும் அந்தச் சம்பவத்தில் அறுந்துபோன இழைகளில் ஒன்று நம் தோட்டங்களிலும் பலவீனமாகத்தான் இருக்கிறது. அது முகவரி. நீலாய், லாபு, சிரம்பான் வட்டாரங்களில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயத்தில் பிறந்தவர்கள் இன்று தாமானில் குடியிருக்கிறார்கள். அடையாள அட்டையிலோ பழைய தோட்டத்துப் பெயரே இருக்கிறது. கைத்தொலைபேசி எண்ணும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. பரிசோதனையில் ஏதாவது தெரிந்து இரத்த வங்கி கடிதம் போட்டால், அது இல்லாத தோட்டத்துக்குப் போகும். அதனால் முகாமில் இப்போது இருக்கும் முகவரியையும் வேலை செய்யும் எண்ணையும் கொடுக்க வேண்டும். எண் மாறினால் அடுத்த முறை போகும்போது சொல்லித் திருத்த வேண்டும்.

எதைச் சொல்ல வேண்டும்?

கேள்விகளில் சில சங்கடமானவை. பாலுறவு பற்றியும் ஊசி மூலம் போதைப்பொருள் எடுத்தது பற்றியும் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் பேனாவோடு நிற்கும்போது யாரும் அதற்கு உண்மை சொல்லமாட்டார்கள். பாரத்தைத் தாமே நிரப்ப வேண்டும். புரியாவிட்டால் மருத்துவமனை ஊழியரிடம் தனியாகக் கேட்க வேண்டும். முகாமில் தமிழ் தெரிந்த தாதி ஒருவர் இருந்தால் பெரிய உதவி. ஏற்பாட்டாளர்கள் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் ஓடுவதற்கு முன் மருத்துவமனையிடம் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

நண்பர்கள் முன்னிலையில் பின்வாங்க வெட்கப்பட்டு இரத்தம் கொடுத்துவிட்டவருக்கும் வழி இருக்கிறது. வீட்டுக்குப் போன பிறகும் இரத்த வங்கியை அழைத்து, 'என் இரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம்' என்று சொல்லலாம். ஓரிரு நாளில் காய்ச்சல் வந்தாலும் அழைத்துச் சொல்ல வேண்டும்.

தொற்று இருக்குமோ என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள இரத்த தானத்துக்கு வருவது மிகத் தவறான வழி. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் எச்.ஐ.வி. பரிசோதனையை இலவசமாகவே செய்துகொள்ளலாம். அங்கே சந்தேகத்தைச் சொன்னால் ஆலோசனையும் கிடைக்கும், இன்னொருவருக்கு ஆபத்தும் இல்லை.

நம் சமூகத்துக்கே உரிய சில விஷயங்களும் உண்டு. தைப்பூசத்திலோ தோட்டத்துத் திருவிழாவிலோ அலகு குத்தியவர்கள் அதைச் சொல்ல வேண்டும். உடலில் துளையிடுதல், பச்சை குத்துதல் எல்லாம் ஒரே கணக்குதான். சில மாதங்கள் காத்திருக்கச் சொல்வார்கள். பக்தியைக் குறைசொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஊசியோ வேலோ தோலைத் துளைத்திருந்தால் கேட்பது வழக்கம். இந்தியாவுக்குப் போய்வந்தவர்களும் எந்த ஊர், எப்போது திரும்பினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். மலேரியாவைக் கருதியே அந்தக் கேள்வி. மலேரியா வந்து தோட்டத்து டிரஸ்ஸரிடம் மருந்து வாங்கிக் குடித்த காலத்துப் பெரியவர்கள், அது எத்தனை வருடத்துக்கு முன் என்றாலும் மறைக்கக்கூடாது. மாத்திரைகளையும் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின் சாப்பிட்டவரின் இரத்தத்திலிருந்து இரத்தத் தட்டணுக்களைப் பிரித்துப் பயன்படுத்த முடியாது. முகப்பருவுக்கு எடுக்கும் சில மாத்திரைகள் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியவை.

பொதுவான தகுதிகள் பலருக்கும் தெரிந்தவைதான். வயது 18 ஆகியிருக்க வேண்டும். 17 என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் தேவை. எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது. முந்தைய இரவு குறைந்தது 5 மணி நேரம் தூங்கியிருக்க வேண்டும். செம்பனை ஆலையில் இரவு வேலை முடித்து நேராக முகாமுக்கு வருபவர்களைத் திருப்பி அனுப்புவது இதனால்தான். முழு இரத்தம் கொடுத்தவர் அடுத்த முறைக்கு 12 வாரம் காத்திருக்க வேண்டும்.

'இரத்தம் கொடுத்தால் உடம்பு வற்றிவிடும்' என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. வளர்ந்த ஒருவர் உடலில் ஏறக்குறைய 4 முதல் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. எடுப்பது எடைக்கேற்ப 350 அல்லது 450 மில்லிலிட்டர். அதிலுள்ள நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அன்று மட்டும் குலை வெட்டுவது, மூட்டை தூக்குவது போன்ற வேலைகளை ஒத்திவைத்து, நிறையத் தண்ணீர் குடித்தால் போதும்.

உண்மையான கவலை பெண்களின் இரத்தச் சோகையில் இருக்கிறது. விரல் நுனியில் குத்திப் பார்த்து, ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறைவு என்று திருப்பி அனுப்பப்படும் அக்காமார்கள் ஏமாற்றத்தோடு வீடு திரும்புகிறார்கள். அத்தோடு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. கிளினிக்குக்குப் போய்க் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாதவிடாயில் அதிகம் போவதா, சத்துக்குறைவா, தாலசீமியா கூறு உடலில் இருப்பதா என்பதைப் பொறுத்து மருத்துவம் மாறும். சாத்தூர்ப் பெண்ணுக்கு இரத்தம் தேவைப்பட்டதும் சோகையால்தான். நேரத்தோடு கவனித்தால் சிலருக்கு இரத்தம் ஏற்ற வேண்டிய தேவையே வராது.

நெகட்டிவ் இரத்தம் நம்மிடம்தான் அதிகம்

ஏ, பி, ஓ என்ற வகைகளை 1901இல் கண்டறிந்தவர் கார்ல் லேண்ட்ஸ்டைனர். அவர் பிறந்த ஜூன் 14தான் உலக இரத்த தானம் செய்வோர் தினம். அதோடு பாசிட்டிவ், நெகட்டிவ் என்றும் ஒரு பிரிவு உண்டு. மலாய்க்காரர்களிலும் சீனர்களிலும் 100 பேரில் ஒருவருக்குக்கூட நெகட்டிவ் இருப்பதில்லை. இந்தியர்களில் 100க்கு ஐந்தாறு பேருக்கு இருக்கிறது. அதாவது இந்த நாட்டில் நெகட்டிவ் இரத்தம் அதிகம் தேவைப்படுவதும் நமக்குத்தான், அதைக் கொடுக்கக்கூடியவர்கள் அதிகம் இருப்பதும் நம் வீடுகளில்தான். சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையிலோ கோலப்பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனையிலோ திடீரென்று நெகட்டிவ் தேவைப்பட்டால், ஏற்கெனவே பதிவு செய்த கொடையாளரைத்தான் தேடுவார்கள். அரிய வகையினரின் பட்டியலைக் கோலாலம்பூர் தேசிய இரத்த மையமும் வைத்திருக்கிறது.

நெகட்டிவ் வகைத் தாய்மார்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். குழந்தை பாசிட்டிவாக இருந்தால், பிரசவத்தின்போது அதன் இரத்தம் சிறிது தாயோடு கலக்கலாம். தாயின் உடல் அதை அந்நியமாகக் கருதி எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த குழந்தையின் இரத்த அணுக்களை அது தாக்கும். முன்பெல்லாம் இரண்டாவது, மூன்றாவது குழந்தை மஞ்சள் பூத்து இறந்தபோது, காரணம் தெரியாமல் 'தோஷம்' என்றார்கள். 1968 முதல் இதைத் தடுக்க 'ஆன்டி-டி' ஊசி இருக்கிறது. கர்ப்ப காலத்திலும், குழந்தை பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளும் போடுவார்கள். கருச்சிதைவு ஆனாலும் போட வேண்டும். வீட்டிலேயே சிதைவு ஆகி, கிளினிக்குக்குப் போகாமல் இருந்துவிடும் பெண்கள்தான் இதைத் தவறவிடுகிறார்கள்.

ஏற்றிக்கொள்பவரும் கவனிக்க வேண்டும்

வகை மாறி இரத்தம் ஏற்றப்படும் விபத்துகளுக்கு, உலகெங்கும், ஆய்வகப் பிழையைவிட ஆள் மாறாட்டமே முக்கியக் காரணம். ஒரே வார்டில் இரண்டு லெட்சுமிகள், மூன்று முனியாண்டிகள் இருப்பது நமக்குப் புதிதல்ல. மாதிரி இரத்தம் எடுக்கும்போது, 'நீங்கள் லெட்சுமிதானே?' என்று கேட்டால் தலையாட்டுவதோடு நிறுத்தாமல் தந்தை பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சொல்ல வேண்டும். குழாயில் பெயர் ஒட்டுவது படுக்கையருகிலேயே நடக்க வேண்டும். பை வந்ததும் இருவர் சேர்ந்து கைப்பட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அப்போது தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் விழித்துப் பதில் சொல்வது நல்லது.

ஏறத் தொடங்கிய முதல் 15 நிமிடம் முக்கியமானது. குளிர் நடுக்கம், காய்ச்சல், முதுகு அல்லது நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், உடல் அரிப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் 'தாதிக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம்' என்று பொறுத்துக்கொண்டு இருக்கக்கூடாது. குழந்தைகளும் பேச முடியாத முதியவர்களும் தாமாகச் சொல்லமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அழைத்ததும் தாதி முதலில் செய்வது இரத்தம் ஏறுவதை நிறுத்துவது. பிறகுதான் மருத்துவர் வருவார், பையும் பெயரும் மறுபடி சரிபார்க்கப்படும்.