கோலார் தங்கவயல்

கோலார் தங்கவயல், கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் நூற்றாண்டுக்கும் மேலாகத் தங்கம் தோண்டப்பட்ட சுரங்க நகரம்.

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் பணியைத் தொடங்கியது. 1902-இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கியது. அங்கே பாறை வெடிப்பு பல உயிர்களைப் பறித்தது. அதே சுரங்கத்தில்தான் 1965-இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவாயின.

வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். நகரின் தமிழ் அடையாளம் அவர்களுடையது. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் தங்கவயலின் மாரிக்குப்பம் பகுதியில் வேரூன்றியதும் அவர்களால்தான். தங்கத்தின் எடையைச் சொல்லும் வரலாறுகள் இதைச் சொல்ல மறப்பது பெருங்குறை.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு கழிவுமேடுகள் இன்னும் அகற்றப்படவில்லை. வேலைக்காகப் பலர் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர்.