மேட்பிளாட்லிப்பும் பொதி முரண்பாடுகளும்

மேட்பிளாட்லிப் என்பது பைத்தான் நிரல்மொழியில் வரைபடங்களை உருவாக்க உதவும் திறமூல நிரலகம் ஆகும். இது தனித்து இயங்குவதில்லை. நம்பை என்னும் எண் கணிப்புப் பொதியின் அணிகளைப் பெற்று, அவற்றைக் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் வரைகிறது. எனவே நம்பை பொதியில் ஏற்படும் மாற்றம் மேட்பிளாட்லிப்பையும் பாதிக்கக்கூடும். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பதிப்புகள் ஒரே கணினியில் சேர்வதால் எழும் இத்தகைய சிக்கல் பொதி முரண்பாடு எனப்படுகிறது.

தோற்றம்

நரம்பியல் ஆய்வாளரான ஜான் ஹண்டர் (1968–2012), வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைத் திரையில் காண்பதற்கு ஒரு கருவியைத் தேடினார். அப்போது பரவலாக இருந்த மேட்லேப் விலை கொடுத்து உரிமம் பெற வேண்டிய மென்பொருள். அதன் கட்டளைகளை ஒத்த, எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய நிரலகத்தை அவர் எழுதினார். மேட்பிளாட்லிப் 2003ஆம் ஆண்டு முதன்முதலில் வெளியானது.

இரண்டு அணிப் பொதிகள்

அக்காலத்தில் பைத்தானில் எண் அணிகளைக் கையாள இரண்டு பொதிகள் இருந்தன. ஒன்று, ஜிம் ஹுகுனின் 1995இல் உருவாக்கிய நியூமெரிக். மற்றொன்று, ஹபிள் தொலைநோக்கியின் அறிவியல் பணிகளைக் கவனிக்கும் அமெரிக்க விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தில் உருவான நம்அரே. வானியல் படங்கள் போன்ற பெரிய அணிகளுக்கு நம்அரே ஏற்றது. சிறிய அணிகளில் நியூமெரிக்கே விரைவானது. சைபை என்ற அறிவியல் பொதி நியூமெரிக்கைச் சார்ந்திருந்தது. இதனால் பயனர்கள் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினர் எழுதிய நிரல் மற்றவருக்கு எளிதில் பயன்படவில்லை.

மேட்பிளாட்லிப் இரு தரப்பினருக்கும் பயன்பட வேண்டியிருந்தது. அதற்காக நியூமெரிக்ஸ் என்ற இடைநிலைப் பகுதி சேர்க்கப்பட்டது. பயனர் தம் அமைப்புக் கோப்பில் எந்த அணிப் பொதி வேண்டும் என்று குறிப்பிட்டால், நிரலகம் அதையே பயன்படுத்தும். இது பயனளித்தாலும், ஒவ்வொரு வசதியையும் இரு பொதிகளுக்கும் ஏற்றவாறு எழுதிச் சோதிக்க வேண்டிய சுமை உருவாக்குநர்கள் மீது விழுந்தது. முரண்பாடு தீரவில்லை, மூடி வைக்கப்பட்டது.

ஒன்றிணைப்பு

டிராவிஸ் ஆலிஃபண்ட் 2005இல் இரு பொதிகளின் சிறப்புகளையும் ஒன்றாக இணைக்கும் பணியில் இறங்கினார். அதன் விளைவாக நம்பை 1.0 பதிப்பு 2006ஆம் ஆண்டு வெளியானது. பின்னர் மேட்பிளாட்லிப் நம்பையை மட்டுமே சார்ந்திருக்கத் தொடங்கியது. இடைநிலைப் பகுதிக்குத் தேவை இல்லாமல் போயிற்று.

பிற பொதிகளுடன் முரண்பாடு

பொது அடித்தளம் அமைந்த பின்னரும் வேறு வகைச் சிக்கல்கள் தோன்றின. மேட்பிளாட்லிப்பின் மீது எழுதப்பட்ட சீபார்ன் என்ற பொதியை ஒரு நிரலில் இறக்குமதி செய்தாலே, எல்லா வரைபடங்களின் தோற்றமும் மாறிவிடும். 2017இல் வெளியான 0.8 பதிப்பில் இந்த வழக்கம் கைவிடப்பட்டது.

அதே ஆண்டில் பாண்டாஸ் பொதியும் ஒரு பாடம் கற்றது. இறக்குமதி செய்யப்பட்டவுடன் தன் தேதி மாற்றிகளை மேட்பிளாட்லிப்பில் தானாகப் பதிந்துவந்த அது, 0.21 பதிப்பில் அதை நிறுத்தியது. கேளாமல் பிற பொதியின் அமைப்பை மாற்றுவது தவறு என்ற நோக்கம் சரியே. ஆயினும் அவ்வசதியை நம்பியிருந்தோரின் நிரல்கள் பழுதாயின. அடுத்து வந்த 0.21.1 பதிப்பில் பழைய முறை மீட்கப்பட்டது.

நம்பை 2.0

நம்பை 2.0 பதிப்பு 2024 சூனில் வெளியானது. மேட்பிளாட்லிப்பின் சில பகுதிகள் சி++ மொழியில் எழுதப்பட்டு, கணினிக்குரிய இயந்திர மொழிக்கு முன்னரே மாற்றப்பட்டவை. நம்பை 1 பதிப்புக்கென அவ்வாறு தொகுக்கப்பட்ட பகுதிகள் நம்பை 2இல் இயங்கா. இதை முன்கூட்டியே அறிந்த மேட்பிளாட்லிப் குழு, 2024 மே மாதத்திலேயே இரண்டுக்கும் பொருந்தும் 3.9 பதிப்பை வெளியிட்டது. எனினும், பழைய மேட்பிளாட்லிப்பை வைத்துக்கொண்டு நம்பையை மட்டும் புதுப்பித்தவர்கள் பிழைச் செய்தியைச் சந்திக்க நேர்ந்தது.

தீர்வு முறைகள்

ஒவ்வொரு திட்டத்திற்கும் தனிச் சூழலை அமைப்பது முதன்மையான தீர்வாகும். இதற்கான வென்வ் வசதி 2012இல் வெளியான பைத்தான் 3.3 பதிப்பில் சேர்க்கப்பட்டது. கோண்டா என்ற மேலாண்மைக் கருவியும் இவ்வாறே தனிச் சூழல்களை உருவாக்கும். பிப் நிறுவல் கருவியின் 20.3 பதிப்பு (2020) முதல், ஒரே கட்டளையில் கேட்கப்படும் பொதிகளின் தேவைகள் ஒன்றோடொன்று மோதினால், நிறுவல் நிறுத்தப்பட்டுக் காரணம் தெரிவிக்கப்படுகிறது.

மாணவர்கள் வேலை செய்யும் சூழலிலுள்ள பொதிகளின் பதிப்பு எண்களை ஒரு கோப்பில் எழுதி வைப்பது நல்லது. பிழை நேரும்போது எல்லாவற்றையும் நீக்கி மீண்டும் நிறுவுவதற்கு முன், பிழைச் செய்தியின் கடைசி வரியைப் படிக்க வேண்டும். முரண்படும் பொதியின் பெயர் பெரும்பாலும் அதற்கு அருகிலேயே இருக்கும். தாம் எழுதும் கோப்பிற்கு மேட்பிளாட்லிப் என்றே பெயரிடுவதும் தவறு. அவ்வாறு செய்தால் பைத்தான் உண்மையான நிரலகத்திற்குப் பதிலாக அக்கோப்பையே இறக்குமதி செய்யும்.