அச்சாணிக் கதையும் மூங்கில் சிம்பும்: சீனப் பட்டத்தின் வரலாற்றுத் தடயங்கள்

சீனப் பட்டத்தின் வரலாறு பெரும்பாலும் மோ த்சு என்ற தத்துவ அறிஞரிடமோ லூ பான் என்ற தச்சரிடமோ தொடங்குவதாகச் சொல்லப்படுகிறது. மோ த்சு மூன்று ஆண்டுகள் பாடுபட்டு மரத்தில் ஒரு பருந்து செய்ததாகவும், அது ஒரே நாள் பறந்து உடைந்ததாகவும் ஹான் ஃபெய்யின் நூல் கூறுகிறது. மோ த்சுவின் பெயரால் வழங்கும் நூலோ, லூ பான் மூங்கிலாலும் மரத்தாலும் செய்த பறவை மூன்று நாள் கீழே இறங்கவே இல்லை என்கிறது. இந்த இரு குறிப்புகளையும் வைத்தே பட்டத்துக்கு 2,400 ஆண்டு வயது கணிக்கிறார்கள்.

இரண்டு இடத்திலும் கயிறு பற்றிப் பேச்சில்லை. கதையின் நோக்கமும் வேறு. லூ பானின் பறவையைவிட, மூன்று அங்குல மரத்தைச் சீவிச் செய்த அச்சாணி மேலானது, அதுதான் பாரவண்டியைத் தாங்குகிறது என்று மோ த்சு வாதிடுகிறார். பயனில்லாத திறமையைக் கண்டிக்க எழுந்த உவமையைத் தொழில்நுட்ப ஆவணமாகப் படிப்பது சரியன்று. தளபதி ஹான் ஷின் பட்டத்தைப் பறக்கவிட்டு அரண்மனைக்குச் சுரங்கம் தோண்ட வேண்டிய தூரத்தை அளந்தார் என்பதும் இத்தகையதே. அவர் இறந்தது கி.மு. 196இல், கதையைச் சொல்லும் காவ் செங்கின் நூலோ சொங் காலத்தது. இடைவெளி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல்.

கால் ஊன்றத்தக்க நிலம் ஆறாம் நூற்றாண்டில்தான் கிடைக்கிறது. 549இல் லியாங் பேரரசின் தலைநகரான ஜியான்காங்கை, இன்றைய நான்ஜிங்கை, கலகத் தளபதி ஹோ ஜிங்கின் படை முற்றுகையிட்டபோது, உள்ளே சிக்கியவர்கள் உதவி கேட்டு எழுதிய ஓலையைக் காகிதப் பட்டத்தில் கட்டி விட்டார்கள். கலகக்காரர்கள் அதை ஏதோ மாந்திரீகம் என்று எண்ணி எய்து வீழ்த்தினர். பத்து ஆண்டு கழித்து, வட சி மன்னர் காவ் யாங் கைதிகளைக் காகிதப் பறவைகளில் கட்டி யே நகரக் கோபுரத்திலிருந்து குதிக்கச் செய்தார். யுவான் ஹுவாங்தோ என்ற இளவரசர் மட்டும் உயிரோடு தரை தொட்டார். பிறகு அவரைச் சிறையில் பட்டினி போட்டுக் கொன்றார்கள். 781இல் லின்மிங் முற்றுகையில் தளபதி ஜாங் பி விட்ட பட்டம் எதிரியின் அம்பு எட்டாத உயரத்தில் பறந்து, உதவிக்கு வந்த மா சுய்யின் பாசறையில் கடிதத்தைச் சேர்த்தது.

இவை மூன்றும் போரும் கொடுமையுமாக இருப்பது தற்செயல் அல்ல. அரசவை வரலாற்றாசிரியர்கள் எதை எழுதத் தகுந்ததாகக் கருதினார்களோ அதுவே எஞ்சியது. பட்டம் கட்டியவரின் கை எங்கும் தெரிவதில்லை. சொங் காலத்தில் பட்டம் விளையாட்டுப் பொருளாகிவிட்டது. ஹாங்ஜோ ஏரிப் பாலத்தில் இளைஞர்கள் ஒருவர் பட்டத்தோடு ஒருவர் பின்னி நூலை அறுப்பதையும், நூல் அறுந்தவர் தோற்றவர் என்ற விதியையும் எழுத்தாளர் ஜோ மி பதிவு செய்திருக்கிறார். பட்ட நூலை நூலால் அறுக்கும் ‘டீல்’ போடத் தெரிந்த எவருக்கும் அந்த விதி புதிதாக இராது.

செய்முறையை அறிய நூல்களை விட்டுப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். கட்டுதல், ஒட்டுதல், தீட்டுதல், பறக்கவிடுதல் என்று தொழிலை நான்காகப் பிரிக்கிறார்கள்; கடினமானது முதலாவது. முற்றிய மூங்கிலைப் பிளந்து, வலுவான பச்சைத் தோல் பக்கத்தை விட்டுவைத்து, உட்பக்கத்தைச் சீவுகிறார்கள். தீச்சுடரில் காட்டி வளைக்கிறார்கள். வளைவான உறுப்புகளுக்கு ஒரு தந்திரம் உண்டு: அகலமான ஒரே சிம்பை முதலில் வளைத்து, பிறகு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் இடமும் வலமும் அச்சில் வார்த்ததுபோல் ஒத்துவரும். பெய்ஜிங்கின் மணல் தகைவிலான் பட்டத்துக்கு முக்கியச் சிம்புகள் ஐந்தே. மேல் கீழ்ச் சிறகுச் சிம்புகள் நுனியில் சேருமிடத்தில் காகிதம் பைபோலக் குழிந்து நிற்கும். காற்று அங்கே நிறைந்து ஓரத்தில் வழிந்து வெளியேறும். சிறகின் தூக்குவிசையும் நிலைப்பும் இந்தக் குழிவைப் பொறுத்தவை.

ஊருக்கு ஊர் பாணி மாறுகிறது. வேய்ஃபாங்கின் டிராகன் தலைப் பூரான் பட்டத்தில் வட்டத் தட்டுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும்; ஒவ்வொன்றின் குறுக்குக் குச்சி முனையிலும் உள்ள இறகு, தட்டு சாயாமல் காக்கும். நான்டோங்கின் பலகைப் பட்டத்தில் சுரைக்காய், மூங்கில் முதலியவற்றால் செய்த ஊதல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். தியான்ஜின் வேய் யுவான்தாய் (1872–1961) பெரிய பட்டங்களையும் மடித்துப் பெட்டிக்குள் வைக்கும்படி மூட்டுகள் அமைத்தார். 1915 சான் ஃபிரான்சிஸ்கோ பனாமா–பசிபிக் கண்காட்சியில் அவருடைய பட்டங்களும் பெய்ஜிங் ஹா குடும்பத்தின் பட்டங்களும் பரிசு பெற்றன.

கைவினைஞருக்காகவே எழுதப்பட்ட நூல் ஒன்று கிடைத்தபோது அதுவும் சர்ச்சையில் சிக்கியது. 1973இல் வூ என்யூ என்ற ஆய்வாளர், ‘செம்மாடக் கனவு’ நாவலாசிரியர் த்சாவ் ஷுவேச்சின் எழுதியதாகச் சொல்லப்படும் பட்டக் கையேட்டின் பகுதிகளை வெளியிட்டார். மூலம் இல்லை, 1940களில் எடுத்த நகலே ஆதாரம். 1757 எனத் தேதியிட்ட முன்னுரை, போரில் ஊனமுற்று வறுமையில் வாடிய யூ ஷூது என்ற நண்பருக்கு த்சாவ் பட்டம் கட்டிக் கொடுத்ததையும், அவை விற்று அவர் குடும்பம் பிழைத்ததையும் சொல்கிறது. நாவலின் 70ஆம் அத்தியாயத்தில் பட்டம் விடும் காட்சி இருப்பதால் பலர் இதை நம்ப விரும்பினார்கள். விருப்பம் சான்றாகாது, ஆசிரியர் யார் என்பது இன்னும் தீரவில்லை. ஆனால் அதிலுள்ள வரைவுகளைப் பின்பற்றிப் பெய்ஜிங்கில் ஒரு பட்டப் பாணியே வளர்ந்துவிட்டது, த்சாவ் பெயரிலேயே.

1984இல் வேய்ஃபாங் தன் முதல் சர்வதேசப் பட்ட விழாவை நடத்தியது. 2006இல் சீன அரசின் முதல் தேசிய மரபுக் கலைப் பட்டியலில் பட்டக் கைவினைக்காக வேய்ஃபாங், நான்டோங், லாசா ஆகிய மூன்றும் இடம்பெற்றன. தலைநகரின் பாணி எதுவும் அப்போது அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.