மனை யாருடையது?

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டடக்கலையின் உச்சம் என்கிறார்கள். இருக்கட்டும். அதே கோயிலின் கல்வெட்டுகளில், ராஜராஜன் கோயிலுக்கு விட்ட ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்ற பட்டியலும் இருக்கிறது. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு; அவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி. ஊர் வேறு, சேரி வேறு என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டியாயிற்று.

அந்தச் சேரியைக் கட்டியது யார்? நாம்தான். வயல் களிமண்ணை வைக்கோல் போட்டு மிதித்துச் சுவர் வைத்தோம். மூங்கில் வரிச்சு கட்டிக் கீத்து வேய்ந்தோம். கார்த்திகை அடைமழையில் கரைந்த சுவரைத் தையில் மறுபடி எழுப்பினோம். மண்வீடு நம் மரபு என்று இன்றைக்குச் சிலர் கொண்டாடுகிறார்கள். அவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மண்ணை மிதித்த கால் நம்முடையது; மனை மிராசுதாருடையது. கூலி கூட்டிக் கேட்டால், "குடிசையப் பிரிச்சுக்கிட்டு ஊரை விட்டுப் போடா" என்பதுதான் பதில். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காலுக்கடியில் இருந்த மண் மட்டும் நமக்கு வரவில்லை.

1968 டிசம்பர் 25 இரவு. கீழவெண்மணியில் அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டு, செங்கொடிச் சங்கத்தில் நின்ற மக்கள் மீது மிராசுதார்களின் ஆட்கள் பாய்ந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமய்யாவின் குடிசைக்குள் ஒதுங்கினார்கள். கதவை அடைத்துத் தீ வைத்தார்கள். 44 உயிர். அந்தக் கீத்துக் கூரையை எந்த மனசோடு 'அழகு' என்று சொல்வது?

அதன் பிறகுதான், 1971இல், பண்ணை நிலத்தில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. 1981இல் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் லாப்டியைத் தொடங்கினார்கள். 2007க்குள் சுமார் 13,000 குடும்பங்களுக்கு 13,000 ஏக்கர் நிலம் கைமாறியது. பட்டா பெண்கள் பேரில். நிலத்தைத் தொடர்ந்து வீடு. செங்கல் அறுக்கவும் சுவர் எழுப்பவும் நம் சனங்களின் கைகளே போதுமானவையாக இருந்தன.

கீத்தா, ஓடா, காங்கிரீட்டா என்பது அப்புறம். மண்ணைக் குழைக்கத் தெரிந்த அறிவு நம் மரபுதான். அதை யாரும் நமக்குக் கற்றுத்தர வேண்டாம். ஆனால் அடுத்தவன் மனையில் அதே வீடு கொத்தடிமைக்கூடு. பட்டா வாங்கிய மனையிலோ அது வீடு. வெண்மணியில் அந்தக் குடிசை இருந்த இடத்தில் இன்று நினைவிடம் நிற்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று சனங்கள் அங்கே கூடுகிறார்கள். அந்த இடத்திலிருந்து 'பிரிச்சுக்கிட்டுப் போ' என்று இனி யாரும் நம்மைச் சொல்ல முடியாது.