ஜகார்த்தா தங்கத்தின் பின்னால் இருந்த ஆசிரியர்: சையது அப்துல் ரஹீம்

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்திய கால்பந்து அணி இருமுறை தங்கம் வென்றபோதும் அதன் பயிற்சியாளராக இருந்தவர் சையது அப்துல் ரஹீம்.

1909-இல் பிறந்த இவர், ஹைதராபாத்தில் ஆசிரியராகப் பணியாற்றியவர். ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியை நாட்டின் வலுவான அணிகளுள் ஒன்றாக உருவாக்கினார். 1950-இல் தேசிய அணியின் பொறுப்பு அவரிடம் வந்தது. அடுத்த ஆண்டே தில்லியில் ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. ஆனால், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற படுதோல்வி. இந்திய வீரர்களில் பலர் காலணியின்றி ஆடிய ஆட்டம் அது. அதிலிருந்து மீண்ட அணி, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை 4-2 என வீழ்த்தி நான்காமிடம் பிடித்தது.

1962 ஜகார்த்தா போட்டியின்போது ரஹீம் நுரையீரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. தடுப்பாட்ட வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், தையலும் போடப்பட்டது. அவரை அமரவைக்காமல் முன்களத்துக்கு மாற்றினார் ரஹீம். துணிச்சலான முடிவுதான். செப்டம்பர் 4-இல் அதே தென்கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோலடிக்க, இந்தியா 2-1 என வென்றது.

1963 ஜூன் 11-இல் ரஹீம் காலமானார். ஜகார்த்தாவுக்குப் பிறகு ஆசிய விளையாட்டுப் போட்டி கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றதில்லை.