வாஸ்கோ ட காமாவுக்கு முன்

நம் நாட்டிற்கும் வெளியுலகிற்கும் தொடர்பு எவ்வாறு ஏற்பட்டது என்று பள்ளிச் சிறுவன் ஒருவனைக் கேட்டால், 1498-ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த செய்தியைக் கூறுவான். அவ்விடை பிழையன்று. ஆயினும் பாடம் அங்கேயே தொடங்குமாயின், நாம் கரையில் வாளா நின்றோம், உலகம் வந்து நம்மைக் கண்டுபிடித்தது என்னும் எண்ணமே பிஞ்சு உள்ளத்தில் வேரூன்றும். அதனை மாற்றுதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருவனந்தபுரத்தில் வாழும் நமக்குச் சான்றுகள் அருகிலேயே உள்ளன.

இந்நகருக்கு வடக்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கொல்லம். கி.பி. 849-ஆம் ஆண்டில், சேர மன்னன் தாணு இரவியின் ஆட்சியில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவத் தேவாலயத்துக்கு நிலமும் உரிமைகளும் வழங்கினார். அக்கொடையைக் கூறும் செப்பேடுகள் இன்று கோட்டயத்திலும் திருவல்லாவிலும் காக்கப்படுகின்றன. அவை வட்டெழுத்தில், தமிழரும் மலையாளிகளும் தமதெனக் கொள்ளத்தக்க பழைய மொழிநடையில் அமைந்தவை. ஆனால் சாட்சிகளின் ஒப்பங்களோ மூவகை அயல் எழுத்துகளில் உள்ளன: அரபு நாட்டுக் கூஃபி எழுத்து, பாரசீகப் பஹ்லவி எழுத்து, யூதர்தம் எபிரேய எழுத்து. வாஸ்கோ ட காமாவின் வருகைக்கு 649 ஆண்டுகள் முற்பட்ட சான்று இது!

மொழிபெயர்ப்பையே ஊழியமாகக் கொண்ட நம்மை இவ்வொப்பங்கள் பெரிதும் கவர்கின்றன. நம் எழுத்தில்தான் ஒப்பமிட வேண்டும் என்று அவ்வணிகர்களை எவரும் வற்புறுத்தவில்லை. அவரவர் எழுத்திலேயே அவரவர் சொல் ஏற்கப்பட்டது. இவ்வேட்டின் படத்தை வகுப்பறைச் சுவரில் மாட்டி, "இத்தனை எழுத்துகள் ஓர் ஏட்டில் ஏன் சேர்ந்தன?" என்று ஆசிரியர் வினவுவாராயின், மாணவரே விடை தேடத் தொடங்குவர்.

பிறர் இங்கு வந்தது போலவே நம்மவரும் அங்குச் சென்றனர். கொல்லத்துச் செப்பேடுகள் மணிக்கிராமம் என்னும் வணிகர் குழுவைக் குறிப்பிடுகின்றன. அதே நூற்றாண்டில், கடலுக்கு அப்பால், இன்றைய தாய்லாந்து நாட்டுத் தக்குவாபா என்னுமிடத்தில் பொறிக்கப்பெற்ற தமிழ்க் கல்வெட்டும், ஒரு குளத்தின் காவலை மணிக்கிராமத்தாரிடம் ஒப்புவித்தமையைக் கூறுகின்றது. இவ்விரு ஊர்களையும் நிலப்படத்தில் ஒரு கோட்டால் இணைத்துக் காட்டினால், நடுவிலுள்ள கடல் தடையன்று, வழியே என்பது சிறுவனுக்கு விளங்கும்.

எனினும் பெருமையை மட்டும் கற்பிப்பது வரலாறாகாது. தேவாலயத்துக்கு நிலத்தோடு ஈழவர், வண்ணார் முதலிய குடிகளையும் செப்பேடு ஒப்படைக்கின்றது. அவர்கள் விருப்பம் கேட்கப்பட்டதாக அதில் இல்லை. உலகத் தொடர்பின் பயன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிட்டுவதில்லை என்பதையும் மாணவர் உணர்தல் வேண்டும்.

இது பழங்காலத்துக்கு மட்டும் உரிய உண்மையன்று. இந்நகரை அடுத்த தும்பா என்னும் மீனவர் ஊருக்கு அருகே புவியின் காந்தநடுக்கோடு சென்றமையால், வளிமண்டலத்தின் மேலடுக்குகளை ஆராய அவ்வூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. ராக்கெட் அமெரிக்க நாட்டினது. அது சுமந்து சென்ற ஆய்வுப் பொருள் பிரெஞ்சு நாட்டினது. 1968-இல் அந்நிலையம் ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆயின் அதற்கென மீனவக் குடும்பங்கள் தம் வீடுகளையும், தாம் வழிபட்ட மரிய மதலேனாள் தேவாலயத்தையும் விட்டகன்றன. அத்தேவாலயம் முதலில் நிலையத்தின் பணிமனையாயிற்று. இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகின்றது.

மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், ராக்கெட்டுகளைக் காட்டியபின், அத்தேவாலயத்தின் கதையையும் சொல்லுதல் வேண்டும். பெற்றதையும் கொடுத்ததையும் ஒருங்கே அறிந்த பிள்ளை அயலாரைக் கண்டு அஞ்சவும் மாட்டான், அவரை இகழவும் மாட்டான் என்பது நமது துணிபு.