ஸ்பீடோவும் நீச்சலுடைத் துணிகளின் வரலாறும்

ஸ்பீடோ என்பது ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் தோன்றிய நீச்சலுடை வணிகப்பெயர் ஆகும். கம்பளி, பருத்தி, பட்டு, நைலான், எலாஸ்டேன், பாலியூரித்தேன் எனப் போட்டி நீச்சலுடைக்கான பொருள்கள் மாறி வந்ததை இந்த ஒரு நிறுவனத்தின் வரலாற்றைக் கொண்டே பெரிதும் அறிந்துகொள்ளலாம். விளையாட்டு உடைக்குத் துணி தேர்ந்தெடுப்பவர் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். துணி வீரரின் உடலுக்கு ஏற்றதா? விளையாடும் இடத்துக்கு ஏற்றதா? விளையாட்டின் விதிக்கு ஏற்றதா? முதல் இரண்டுக்கும் மிகச் சிறந்த விடையைத் தந்த ஒரு துணியே மூன்றாவது கேள்வியில் விலக்கப்பட்டது.

நீரும் இழையும்

ஒவ்வோர் இழையும் ஈரத்தை வெவ்வேறு அளவில் ஏற்கிறது. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தாலே கம்பளி தன் உலர் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடும், பருத்தி சுமார் 8 விழுக்காடும் ஈரத்தை உறிஞ்சுகின்றன. நைலான் சுமார் 4 விழுக்காடும், பாலியெஸ்டர் அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவுமே உறிஞ்சுகின்றன. நீரில் மூழ்கும்போது இந்த வேறுபாடு இன்னும் கூடும். நனைந்த பருத்தி வேட்டியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். அத்தகைய துணியை உடுத்து நீந்துபவர் தம் எடையுடன் துணி ஏந்திய நீரையும் சேர்த்தே இழுக்க வேண்டும். துணி தொங்கி, மடிப்பு விழுந்தால் நீரின் எதிர்ப்பும் மிகும்.

கம்பளியிலிருந்து பட்டுக்கு

ஸ்காட்லாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய அலெக்சாண்டர் மெக்ரே, 1914 ஆம் ஆண்டில் சிட்னியில் காலுறை, உள்ளாடை போன்ற பின்னலாடைகளைச் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் அந்நிறுவனம் நீச்சலுடையும் செய்யலாயிற்று. 1928 ஆம் ஆண்டில் ஸ்பீடோ என்ற பெயர் சூட்டப்பட்டது. வேகம் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அது பிறந்தது.

அக்காலத்தில் நீச்சலுடைகள் பெரும்பாலும் கம்பளிப் பின்னலால் ஆனவை. ஸ்பீடோ பருத்தியையும் பட்டையும் தேர்ந்தெடுத்தது. தோள்பட்டை தடையின்றி அசையும்படி முதுகுப் பக்கத்தைக் குறுக்கி வெட்டியது. இந்த வெட்டு சர்ச்சைக்கு உள்ளானது. 1932 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 16 வயது ஆஸ்திரேலிய வீராங்கனை கிளேர் டென்னிஸ் இவ்வுடையை அணிந்தார். தோள்பட்டை அதிகம் தெரிகிறது என்று முறையீடு எழுந்தது. முறையீடு ஏற்கப்படவில்லை. அவர் 200 மீட்டர் மார்பு நீச்சலில் தங்கம் வென்றார்.

நைலானும் எலாஸ்டேனும்

அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் தலைமையில் 1935 ஆம் ஆண்டில் நைலான் உருவாக்கப்பட்டது. ஸ்பீடோ 1950களில், மெல்போர்ன் ஒலிம்பிக் நடந்த காலத்தையொட்டி, நைலானுக்கு மாறியது. நைலான் மெல்லியது, உறுதியானது, விரைவில் உலர்வது. ஆனால் அது உடலோடு முழுமையாக ஒட்டி நிற்பதில்லை.

அக்குறையை எலாஸ்டேன் நீக்கியது. லைக்ரா என்ற வணிகப்பெயரால் பலரும் அறிந்த இந்த இழையை, 1958 ஆம் ஆண்டில் டூபாண்ட் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கினார். ரப்பரைப் போல இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் தன்மை கொண்டது. 1970களில் நைலானுடன் எலாஸ்டேனைச் சேர்த்த துணி நீச்சலுடைகளில் பரவியது. இன்றும் இக்கலவை பெருவழக்கில் உள்ளது.

சுறாத்தோல் துணி

2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கை ஒட்டி ஸ்பீடோ 'ஃபாஸ்ட்ஸ்கின்' உடையை வெளியிட்டது. சுறாமீனின் தோலில் உள்ள நுண்ணிய செதில்களைப் பின்பற்றி இத்துணியில் வரிகள் அமைக்கப்பட்டன. அவை நீரின் இழுவையைக் குறைக்கும் எனக் கூறப்பட்டது. ஆனால் 2012 ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் லாடரும் உடன் ஆய்வாளரும் வெளியிட்ட ஆய்வு, உண்மையான சுறாத்தோல் தரும் பயனை இத்துணியின் வரிகள் தரவில்லை எனக் காட்டியது. உடலை இறுக்கிப் பிடிப்பது போன்ற வேறு வழிகளில் உடை உதவியிருக்கலாம்.

எல்இசட்ஆர் ரேசர்

2008 ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'எல்இசட்ஆர் ரேசர்' அறிமுகமானது. இதற்கான துணிகள் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் காற்றுச் சுரங்கத்தில் சோதிக்கப்பட்டன. நைலானும் எலாஸ்டேனும் சேர்த்து நெய்த துணியில் பாலியூரித்தேன் பட்டைகள் ஒட்டப்பட்டன. தையலுக்குப் பதிலாக மீயொலி அலைகளால் விளிம்புகள் இணைக்கப்பட்டன. உடை உடலை இறுக்கி, நீர் வழுக்கிச் செல்லும் வடிவத்துக்குக் கொண்டுவந்தது.

பிற நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்திருந்த அணிகள் இக்கட்டில் சிக்கின. ஜப்பான் நீச்சல் கூட்டமைப்புக்கு மிசுனோ, அசிக்ஸ், டெசான்ட் ஆகிய மூன்று உள்நாட்டு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் இருந்தது. 2008 ஜூன் மாதத்தில் ஜப்பான் வீரர் கொசுகே கிதாஜிமா ஸ்பீடோ உடையில் 200 மீட்டர் மார்பு நீச்சலில் உலக சாதனை படைத்தார். அதைத் தொடர்ந்து வீரர்கள் விரும்பிய உடையை அணியக் கூட்டமைப்பு இசைந்தது. அவ்வாண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் நீச்சலில் முறியடிக்கப்பட்ட 25 உலக சாதனைகளில் 23 இவ்வுடையில் நிகழ்ந்தவை.

ரோம், 2009

போட்டி நிறுவனங்கள் ஒரு படி மேலே சென்று, முழுவதும் பாலியூரித்தேனால் ஆன உடைகளைக் கொண்டுவந்தன. பாலியூரித்தேன் நீரைப் புகவிடாது. அது சிறிதளவு காற்றைச் சிறைப்படுத்தி, உடலை நீர்மட்டத்துக்குச் சற்று உயர்த்தி மிதக்க வைத்தது. 2009 ஆம் ஆண்டு ரோம் உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள் விழுந்தன. ஸ்பீடோ அணிந்த மைக்கேல் ஃபெல்ப்ஸை, அரீனா நிறுவனத்தின் புதிய உடை அணிந்த ஜெர்மானியர் பால் பீடர்மன் 200 மீட்டர் தன்விருப்ப நீச்சலில் வென்றார். நேரம் 1 நிமிடம் 42.00 விநாடி. தம் வெற்றியில் உடைக்கும் பங்கு உண்டு என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

வென்றது நீந்தியவரா, உடையா என்ற கேள்வி எழுந்தது. அந்த உடைகள் விலை மிக்கவை. சில முறை அணிந்ததும் பயன் குன்றுபவை. வசதியற்ற நாடுகளின் வீரர்களும் இளம் வீரர்களும் அவற்றை வாங்க இயலாத நிலை இருந்தது.

புதிய விதிகள்

உலக நீச்சல் கூட்டமைப்பு 2010 ஜனவரி 1 முதல் புதிய விதிகளை நடைமுறைப்படுத்தியது. ஆண்கள் இடுப்பு முதல் முழங்கால் வரையிலும், பெண்கள் தோள் முதல் முழங்கால் வரையிலும் மட்டுமே மறைக்கும் உடை அணியலாம். உடை நெய்த அல்லது பின்னிய துணியாக இருக்க வேண்டும். தடிமன் 0.8 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. துணி காற்றைப் புகவிட வேண்டிய அளவும், மிதக்க உதவக்கூடிய அளவும் வரையறுக்கப்பட்டன. இதனால் எல்இசட்ஆர் ரேசர் உள்ளிட்ட உடைகள் போட்டியிலிருந்து நீங்கின.

இன்றைய தேர்வு

இன்று போட்டிக்கும் பயிற்சிக்கும் தனித்தனித் துணிகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. போட்டி உடைக்கு இறுக்கமும் இலேசும் முதன்மையானவை; எனவே நைலானும் எலாஸ்டேனும் ஏற்றவை. பயிற்சி உடை நாள்தோறும் குளத்து நீரில் உள்ள குளோரினைத் தாங்க வேண்டும். குளோரின் எலாஸ்டேனை அரித்து அதன் இழுவிசையைக் கெடுக்கும். ஆகவே பயிற்சிக்குப் பாலியெஸ்டரும், அதன் வகையான, இயல்பிலேயே சற்று நெகிழும் பிபிடி இழையும் சேர்ந்த துணி விரும்பப்படுகிறது.

விதிகள் மாறினாலும் பழைய சாதனைகள் நீக்கப்படவில்லை. பீடர்மன் ரோமில் நிறுவிய 200 மீட்டர் சாதனை, 15 ஆண்டுகள் கடந்தும் முறியடிக்கப்படாமல் பதிவேட்டில் நின்றது.